கல்லை வெட்டிய காசில் கொஞ்சம் படிப்புக்கு
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர்கள் இருவருக்கும் வணக்கம்.

பாலக்கோட்டில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், கைரேகை வைக்கும் கருவி ஒன்று, கரண்ட் போனால் இருபது நிமிடம் தாங்கும் யு.பி.எஸ். அவ்வளவுதான் கடை. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, கவுன்சலிங் பதிவு, அப்புறம் ஸ்காலர்ஷிப். பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கூட வந்த அப்பாவோ அம்மாவோ வாசலில் நின்று, ஓடிபி வரும் போனை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு ஆட்சியர்களுக்கும் சேர்த்து ஒரே கடிதமா என்று கேட்கலாம். 2004 வரை நாம் ஒரே மாவட்டம்தானே. அலுவலகங்களைப் பிரித்தார்கள். தென்பெண்ணை கிருஷ்ணகிரி வழியாகத்தான் இன்னும் தருமபுரிக்கு வருகிறது. ஆனைக்கும் மாவட்ட எல்லை தெரியாது.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் தலைமையில் இயங்கும், குவாரிக்காரர்கள் கட்டும் பங்கு வந்து சேரும் மாவட்டக் கனிம அறக்கட்டளையின் பணத்திலிருந்து, மாவட்டத்துக்கு வருடம் இருபத்தைந்து பிள்ளைகளுக்கு, காடு, தண்ணீர், காற்று, கழிவு சம்பந்தமான படிப்புகளுக்கென்று ஒரு உதவித்தொகை வேண்டும். எதற்கு இதைக் கேட்கிறேன், ஏன் அந்தப் பணத்திலிருந்து கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் மீதிக் கடிதம்.

சில வருடங்களுக்கு முன் மாரண்டஅள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வனவியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்றாள். என் கடையில் அந்தப் படிப்பின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த முதல் ஆள் அவள்தான். எல்லோரும் நர்சிங், பி.காம், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றுதான் கேட்பார்கள். "ஏம்மா இது?" என்று கேட்டேன். அவர்கள் கொல்லையில் ஆனை இறங்கிய கதையைச் சொன்னாள். ராகி கதிர் முற்றும் சமயத்தில் அப்பா பரண் மேல் காவல் இருப்பாராம். இவளும் கூடப் போவாளாம். ஒரே வழியில் ஏன் வருடா வருடம் வருகிறது, நடுவில் ஒரு வருடம் ஏன் வரவில்லை என்று யாரைக் கேட்டாலும் பதில் இல்லை, அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள். நான் எத்தனையோ விண்ணப்பம் நிரப்பியிருக்கிறேன். இந்தப் படிப்பு ஏன் என்று கேட்டதற்கு இப்படி ஒரு பதில் வந்தது அந்த ஒருமுறைதான்.

மதிப்பெண் இருந்தது. இடமும் கிடைத்தது. ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் அவள் வரவில்லை. அதில் வந்திருந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டியிருக்கும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. இவள் ஆறும் ஏழும் படித்தது பெங்களூரில். அப்பா அப்போது அங்கே கட்டட வேலையில் இருந்தார். நம் இரண்டு மாவட்டத்திலும் பிழைக்கப் போன குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வறட்சி வந்தால் பூட்டிய வீடுகளை எண்ணினாலே தெரியும். அந்த இரண்டு வருடத்தால் உள் ஒதுக்கீடு போச்சு, புதுமைப் பெண் ஆயிரம் ரூபாயும் போச்சு.

அப்புறம் சேர்க்கைக்கு ஒரு வாரம் கெடு. கட்டணம், விடுதி முன்பணம், மெஸ் அட்வான்ஸ், பெட்டி, பாய், பஸ் செலவு. அவள் வகுப்புக்கு உரிய ஸ்காலர்ஷிப் வரும்தான். எப்போது வரும்? சேர்ந்து, கல்லூரி அவள் விவரத்தை யூமிஸ் என்ற அரசு இணையதளத்தில் ஏற்றி, சரிபார்த்து, பேங்க் கணக்கோடு ஆதார் இணைப்பு ஆகி, அதற்குப் பிறகு. அப்பாவுக்கு வட்டிக்குக் கடன் கொடுக்க ஆள் இருந்தார். நர்சிங் என்றால் கொடுத்திருப்பார். "காட்டைப் பார்க்கப் படிப்பா? முடித்துவிட்டு என்ன வேலைக்குப் போகும், மாடு மேய்க்கவா?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

இப்போது அவள் ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாள். விடியற்காலை இருட்டில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நல்ல சம்பளம்தான், குறை சொல்ல மாட்டேன். போன பொங்கலுக்கு ஒரு சான்றிதழ் எடுக்க வந்தபோது "அண்ணா, அந்தப் படிப்புக்கு வயசு வரம்பு எவ்வளவு?" என்று கேட்டாள்.

சரி, அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால், அரசுத் திட்ட விண்ணப்பங்கள் போட்டுக் கட்டுகிற என் கடை வாடகையே என்னைப் பொய்யன் என்று சொல்லும். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் வந்தது, 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் என்பது இங்கே சின்னத் தொகை இல்லை. அரூரில் இருந்து தினம் பஸ்ஸில் தருமபுரி போய்ப் படிக்கும் பிள்ளைக்கு அது பெரிய தாங்கல். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவி இருக்கிறது. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. மேலே போனால் முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. நாற்பது பேர், இரண்டு வருடம், மாதம் அறுபதாயிரமும் பயணப்படி பத்தாயிரமும். அதன் விளம்பரம் வந்தபோது பிரிண்ட் எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டினேன். மூன்று மாதம் ஒட்டியிருந்தது. ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. மேல்மாடியில் நாற்பது பேருக்குப் பாய் விரித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் ஏணியின் அடிப்படிக்கட்டே இல்லாமல் கீழே நிற்கிறார்கள். முதுகலையோ தொழிற்படிப்போ முடித்தவர்களுக்கான இடம் அது. அதுவரை படிக்க வைக்க வேண்டுமே.

நம் ஊருக்கு இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு என் பல்லே சாட்சி. சிரித்தால் முன்பல் இரண்டிலும் பழுப்புக் கோடு தெரியும். பெங்களூரில் வேலைக்குப் போன புதிதில் "பான்பராக் போடுவியா?" என்று மேஸ்திரி கேட்டார். இன்னொருவர் பார்த்ததுமே "தருமபுரியா?" என்று சரியாகச் சொல்லிவிட்டார். பல் உருவாகிற வயதில் குடித்த தண்ணீர் அப்படி. பாறையில் இருக்கும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. மழை பொய்த்து போர்வெல்லை ஆழமாக்க ஆழமாக்க, பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீரைத்தான் மேலே இழுக்கிறோம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. கொதிக்க வைத்தாலும் அது போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். என் அம்மாவுக்கு இது தெரியாது. எனக்குக் காய்ச்சல் வந்தால் நன்றாகக் காய்ச்சிக் காய்ச்சித்தான் கொடுப்பார்.

ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. என் பிள்ளைகள் பல்லில் அந்தக் கோடு இல்லை. அதற்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் ஜனங்கள் எங்கே போகிறார்கள்? பழைய போருக்குத்தான். எந்தத் தெரு போரில் எவ்வளவு இருக்கிறது என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

ஒருமுறை தெரிந்தது. வேதியியல் படித்த தம்பி ஒருவர் கல்லூரி புராஜெக்டுக்காக ஒரு சோதனைக் கிட் கொண்டுவந்தார். என் கடை ஜெராக்ஸ் மெஷின் மேலேயே வைத்துச் செய்து காட்டினார். சின்னக் கண்ணாடிக் குழாயில் எங்கள் தெருத் தண்ணீர், அதில் சில சொட்டு சிவப்பு மருந்து. சிவப்பு அப்படியே நின்றால் நல்ல தண்ணீர், வெளுத்து மஞ்சளுக்குப் போகப் போக ஃபுளோரைடு அதிகம். எங்கள் தண்ணீர் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. கூட்டம் கூடிவிட்டது. இட்லிக் கடை அக்கா, "கதையெல்லாம் வேண்டாம் தம்பி, இதைக் குடிக்கலாமா வேண்டாமா, அதைச் சொல்லு" என்றார். அந்தத் தம்பி சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. "ஒரு தடவை பார்த்துச் சொல்லக் கூடாது அக்கா. இது தோராயம்தான். லேபில் ஒருமுறை பார்க்கணும், கோடையில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை பார்க்கணும். அதுவரைக்கும் குடிக்க வேண்டாம், துணி துவைங்க." இத்தனை நிதானமாக ஒரு பதில் எங்கள் தெருவுக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

அவர் மேலே சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க ஆசைப்பட்டார். படிக்கவில்லை. இப்போது ஒரு சிறுகடன் நிறுவனத்தில் தவணை வசூல். வாராவாரம் அதே தெருவுக்கு வருகிறார், இட்லிக் கடை அக்காவிடமும் வசூல் உண்டு. அக்கா இன்னும் அவரைப் பார்த்தால் தண்ணீரைப் பற்றித்தான் கேட்கிறார்.

இன்னொன்று, நீங்களோ உங்கள் சார்பில் வரும் அதிகாரியோ தலைமை தாங்கும் கருத்துக் கேட்புக் கூட்டம். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடப்பது. ஒரு குவாரிக்கான கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். சொந்தக்காரர் வீடு அந்தப் பக்கம். சாமியானா, பிளாஸ்டிக் சேர், தண்ணீர் பாட்டில், ஓரமாகப் போலீஸ். தமிழில் சுருக்கம் கொடுத்தார்கள், முழு அறிக்கை ஆங்கிலத்தில் தடிமனாக மேசை மேல் இருந்தது. ஒரு பெரியவர் எழுந்து "வெடி போட்டால் என் வீட்டுச் சுவர் விரிகிறது, பயிர் மேல் தூசி படிகிறது" என்றார். அறிக்கை தயாரித்த ஆள் லேப்டாப்பைத் திருப்பி, "காற்று மாதிரி எடுத்தோம், எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது" என்றார். பெரியவர் உட்கார்ந்துவிட்டார். எந்த மாதத்தில் எடுத்தீர்கள், எத்தனை நாள் எடுத்தீர்கள், கருவியைக் காற்று போகும் பக்கம் வைத்தீர்களா வரும் பக்கம் வைத்தீர்களா என்று கேட்க அந்தச் சாமியானாவுக்குள் ஒரு ஆள் இல்லை. நானும் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். குவாரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் மச்சான் கல் லாரிதான் ஓட்டுகிறான். அந்த அறிக்கையைப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை ஊருக்குள் இருந்திருந்தால் அன்றைக்குக் கூட்டமே வேறு மாதிரி நடந்திருக்கும். அறிக்கை எழுதுகிற பக்கத்திலும் நம் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கலாம். சட்டம் கேட்கிற வேலை அது, யாரோ ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்துகொண்டுதான் இருக்கிறார்.

ஓசூர்ப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணை நுரையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, டிவியிலும் காட்டியாகிவிட்டது. பெங்களூர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து வருகிற தண்ணீர் மதகில் விழும்போது பஞ்சுப் பொதி மாதிரி எழும்புகிறது. 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு என்று இரண்டு வன உயிரினச் சரணாலயங்கள் நம் இரண்டு மாவட்டத்திலும் அமைந்தாகிவிட்டது. ஓசூர்த் தொழிற்சாலைகளில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஓட்ட ஆள் வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பொறியாளர் வேண்டும். வேலை இல்லாமல் இல்லை. இந்தப் படிப்புக்கும் அந்த வேலைக்கும் நடுவில் இருக்கும் வழிதான் எங்கள் ஊரில் யாருக்கும் தெரிவதில்லை. மேட்டுப்பாளையத்தில் வனவியல் கல்லூரி இருக்கிறது, கோவை வேளாண் பல்கலையில் ஆற்றல் மற்றும் சுற்றுச்சூழல் பொறியியல் இருக்கிறது, மயிலாடுதுறை மன்னம்பந்தலிலும் ஊட்டியிலும் வனவிலங்கு உயிரியல் முதுகலை இருக்கிறது. இதையெல்லாம் நானே கடைசி நாளுக்கு முந்தைய ராத்திரி தேடித் தெரிந்துகொண்டவைதான்.

இனி பணம். 2015-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, சுரங்கமும் குவாரியும் நடக்கிற மாவட்டத்தில் ஒரு அறக்கட்டளை வைக்க வேண்டும், குத்தகைதாரர் ராயல்டியோடு சேர்த்து அதற்கும் ஒரு பங்கு கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். அந்தப் பணத்தில் பெரும்பங்கைச் செலவழிக்க வேண்டிய முன்னுரிமை இனங்களில் குடிநீர், சுற்றுச்சூழல், சுகாதாரம், கல்வி, திறன் வளர்ப்பு எல்லாம் வருகின்றன. நான் கேட்பது கல்வியிலும் வரும், சுற்றுச்சூழலிலும் வரும். கிருஷ்ணகிரி கிரானைட் எந்தெந்த நாட்டுக் கட்டடத்திலோ தரையாகக் கிடக்கிறது. வெட்டிய குழி மட்டும் இங்கே இருக்கிறது. அந்தக் குழிக்கு வந்த காசு இது என்பதால்தான் இதிலிருந்து கேட்கிறேன்.

கடைக்காரன் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய், வருடத்துக்கு 36,000. சேர்க்கையின்போது ஒரே முறை 10,000. வருடம் இருபத்தைந்து பேர், நாலு வருடப் படிப்பு என்றே வைத்தால், திட்டம் முழுதாக ஓடும்போது நூறு பேர் இருப்பார்கள். நூறு பேருக்கு 36 லட்சம், புதிதாகச் சேரும் இருபத்தைந்து பேருக்கு இரண்டரை லட்சம். மொத்தம் ஒரு மாவட்டத்துக்கு வருடம் 38 லட்சத்து 50 ஆயிரம். இந்தப் பணத்தில் எத்தனை தூரம் ரோடு போடலாம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதில் அந்தப் பத்தாயிரம்தான் உயிர்நாடி. அது சேர்க்கைக் கடிதம் கிடைத்த மூன்றாம் நாள் கையில் இருக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்த சான்று கொண்டு வா, அப்புறம் தருகிறோம் என்றால் மாரண்டஅள்ளிப் பெண் கதைதான் திரும்பவும் நடக்கும். ஆட்சியர் மனது வைத்தால் மூன்று நாளில் முடியும் என்பதை வெள்ள நிவாரணத்தில் பார்த்திருக்கிறோம்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்திருக்க வேண்டும் என்ற விதியை இதில் தயவுசெய்து வைக்காதீர்கள். பிழைக்கப் போய்த் திரும்பிய குடும்பத்துப் பிள்ளையும் இந்த மாவட்டத்துப் பிள்ளைதான். ரேஷன் கார்டு இங்கே இருந்தால் போதாதா? மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்கு வேறு கதவுகள் திறக்கும். ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், தமிழில். உன் ஊரில் மண், தண்ணீர், மரம், மிருகம் இதில் எதைப் பற்றி உனக்குக் கேள்வி இருக்கிறது என்று. சித்தேரி மலையிலிருந்தும் அஞ்செட்டியிலிருந்தும் என்னென்ன வருகிறது என்று பாருங்கள். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் பம்ப்பைப் பட்டம் வாங்கியவரா ஓட்டப் போகிறார்?

பதிலுக்கு அவர்களிடம் ஒன்று கேட்கலாம். கோடை விடுமுறையில் ஒரு மாதம் இங்கே வந்து வேலை செய்யட்டும். பத்துக் கிராமத்து போர்த் தண்ணீரைச் சோதித்து, முடிவைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் பெயின்டில் எழுதட்டும். ஏரிக்கு எந்த வாய்க்கால் அடைபட்டிருக்கிறது என்று நடந்து பார்த்து வரைபடம் போடட்டும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆனை எந்தத் தேதியில் எந்தக் கொல்லையில் இறங்கியது என்று விவசாயியிடம் கேட்டுக் குறிக்கட்டும். அந்த மாதத்துக்குச் சாப்பாடும் பஸ் செலவும் தனியாகக் கொடுத்துவிடுங்கள். இலவசமாக வேலை வாங்கினால் வசதி இருக்கிற பிள்ளைகள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

எல்லாப் படிப்பும் படிப்புதானே, இதற்கு மட்டும் ஏன் தனியாக என்று உங்கள் அலுவலகத்திலேயே யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. நர்சிங்குக்கும் பி.காமுக்கும் பக்கத்து வீட்டில் ஒரு அக்கா உதாரணம் இருக்கிறார். வட்டிக்காரருக்கே அந்தப் படிப்புகள் மேல் நம்பிக்கை இருக்கிறது. இந்தப் படிப்புக்கு அப்படி யாரும் இல்லை. "கலெக்டர் ஆபீஸே பணம் கொடுத்துப் படிக்க வைக்கிறது" என்று ஒரு அப்பா வட்டிக்காரரிடம் சொல்ல முடிந்தால், மாடு மேய்க்கவா என்று அவர் இன்னொரு முறை கேட்க மாட்டார். முதல் ஐந்தாறு வருடத்தில் ஊருக்கு நாலு பிள்ளைகள் படித்து வேலைக்கும் போய்விட்டால், பிறகு நீங்கள் நிறுத்தினாலும் ஜனங்கள் தாங்களாகவே விசாரித்துக்கொண்டு வருவார்கள்.

விழா வைத்து அட்டையில் பெரிய செக் அடித்துக் கொடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த அட்டை செக்கை பேங்க்கில் மாற்ற முடியுமா என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டிருக்கிறார். நான் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையான பணம் வர அதற்குப் பிறகு வெகுநாள் ஆனது.

விண்ணப்பத்தை ஒரே பக்கத்தில் வையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, சேர்க்கைக் கடிதம், அந்த ஒரு பக்கக் கேள்வி, இது போதும். வருமானச் சான்று கேட்டால், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வருவதற்குள் கெடு முடிந்துவிடும். பழைய சான்றையே இந்த ஒரு வருடத்துக்கு ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். திட்டம் வருகிற வருடம் பதிவுக் கட்டணம் என் கடையில் கிடையாது. ஜெராக்ஸுக்கு மட்டும் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கொடுத்துவிட வேண்டும், டோனர் விலை அப்படி.

இன்னொன்று. விண்ணப்பத்தில் வயது வரம்பு என்று ஒரு கட்டம் இருந்தால், அதில் இருபத்தைந்து வரை என்று போடுங்கள். ஓசூர் கம்பெனி பஸ்ஸில் போகிற ஒருத்திக்கு நான் போன் பண்ண வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
பாலக்கோடு கம்ப்யூட்டர் சென்டர்காரன்